பஸ் இறங்கியதா, விழுந்ததா?

ஐயா, வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். சேலம் போய்வந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒரு பையன், தொப்பூரில் பஸ் ‘ஃபெல் டவுன்’ என்று எழுதிவிட்டான். வகுப்பே சிரித்தது. ஃபால், டிராப், டிசென்ட், சிங்க் எல்லாமே கீழே போவதுதானே, இதில் என்ன தப்பு என்று கேட்கிறான். எனக்கு விளக்க வரவில்லை.
- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பிரேக் யார் காலில் இருக்கிறது என்று பையனைக் கேளுங்கள். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போது டிரைவர் காலில் இருக்கிறது. ‘ஃபால்’ என்றால் யார் காலிலும் இல்லை. விழுகிறவனுக்கு அதில் அதிகாரமே கிடையாது. ‘டிசென்ட்’ நேர்மாறு, பார்த்துப் பார்த்து இறங்குவது. அதன் லத்தீன் வேருக்கு ‘ஏறுதல்’ என்று பொருள், அதாவது கீழ்நோக்கி ஏறுகிறோம்! ஆனாலும் டவுன் பஸ்ஸுக்கு அந்தச் சொல் வேட்டிக்கு மேல் கோட்டு போட்ட மாதிரி. ‘கேம் டவுன்’ போதும்.

டிராப்தான் குழப்பும். தக்காளி விலை இறங்கினால் ஃபால், டிராப் இரண்டும் செல்லும். தக்காளிக் கூடை கைநழுவினால் மட்டும் கதை வேறு: கூடை ‘ஃபெல்’, நீங்கள் அதை ‘டிராப்ட்’. நாம் இறங்கு, இறக்கு என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். டிராப் இரண்டு வேலையையும் ஒண்டியாகப் பார்க்கும். ஃபால் பார்க்காது, கூடையை நீங்கள் ‘ஃபால்’ பண்ண முடியாது.

சிங்குக்குத் தண்ணீரோ சேறோ வேண்டும். கிருஷ்ணகிரி அணையில் ஒரு கல்லை விட்டெறியுங்கள். தண்ணீரைத் தொடும்வரை ஃபால், தொட்ட பிறகு சிங்க்.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்குப் பிடித்தது என்பதால் சொல்கிறேன்: ‘பிளம்மெட்’. விலை தலைகுப்புறப் போனால் ஆங்கிலப் பத்திரிகைகள் போடும் சொல். அது முதலில் வினையே அல்ல, கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கும் தூக்குக்குண்டின் பெயர். ஈயத்துக்கு லத்தீனில் பிளம்பம். குழாய் ரிப்பேருக்கு வரும் பிளம்பரும் அந்த ஈயத்தின் வழி வந்தவர்தான். தூக்குக்குண்டை ஒருமுறை பையன் கையில் கொடுத்து, நூலைப் பிடித்தபடி குண்டைக் கீழே விடச் சொல்லுங்கள். நூல் விறைக்கும் அந்த வெடுக்கில் பையனுக்குப் புரிந்துவிடும்.

அவனுக்கு அரை மார்க்காவது போடுங்கள். பிரேக் பிடிக்காத லாரிகளைப் பற்றித் தொப்பூர்க்காரர்களிடம் கேட்டால், அவன் எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை என்பார்கள்.