நெருஞ்சிமுள்ளும் தேரிமணலும் தாங்கும் சைக்கிள் எது?

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, எனக்கு வயசு 34, எடை 78 கிலோ. வேலைக்குத் தினமும் 12 கிலோமீட்டர் சைக்கிளில்தான் போய் வருகிறேன். தை மாதம் மூன்று நாள் லீவு போட்டு, பாபநாசத்திலிருந்து தாமிரபரணியை ஒட்டியே திருச்செந்தூர் வரை போய், அங்கிருந்து தேரிக்காடு, உவரி, நாங்குநேரி, களக்காடு என்று சுற்றி ஊர் திரும்ப ஆசை. 250 கிலோமீட்டர் வரும். முடிந்தவரை தார் ரோடு வேண்டாம். சரளைப் பாதைக்கென்று வருகிற கிராவல் சைக்கிள்தான் சரி என்கிறார் ஒருவர், எம்டிபி என்கிற மலைப்பாதை சைக்கிள் போதும் என்கிறார் இன்னொருவர். கையில் 45 ஆயிரம் இருக்கிறது. எதை வாங்க, எப்படித் தயாராக?”

தம்பி, கடைக்குப் போகுமுன் உங்கள் வழியை ஒருதரம் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். கன்னடியன் கால்வாய்க் கரை, அதில் மாட்டுவண்டியும் டிராக்டரும் போட்ட தடம். குளத்துக்கரைகளில் சரளை. ஆற்றோரம் வண்டல். திருச்செந்தூர் தாண்டினால் தேரி என்கிற செம்மணல் மேடு. நாங்குநேரிப் பக்கம் இரண்டு பக்கமும் உடைமரம் நிற்கிற உடங்காடு. இத்தனை விதமான தரையிலும் உங்களை இறங்கி உட்கார வைக்கப்போவது முள்தான். அதனால் நான் டயரிலிருந்து தொடங்குகிறேன், சைக்கிள் அப்புறம்.

நம் பக்கத்து முள்ளில் இரண்டு வகையை மட்டும் கவனித்தால் போதும். உடைமுள்ளும் சீமை உடைமுள்ளும் (சீமைக் கருவேலம்) நீளமானவை, நேராக இறங்கும், டயர் மெலிசாக இருந்தால் ட்யூபின் மறுபக்கம் வரைக்கும் போய்விடும். வேலி வெட்டிப் போட்ட இடம் தெரிந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு போய்விடலாம், அது கண்ணுக்குத் தெரியும் எதிரி. நெருஞ்சி அப்படி இல்லை. அதன் காய் காய்ந்ததும் ஐந்து துண்டாக உடையும், ஒவ்வொரு துண்டிலும் நீளமாக இரண்டு முள், குட்டையாக இரண்டு முள், எப்படி விழுந்தாலும் ஒன்றாவது மேலே பார்த்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முளைத்துப் படர்ந்த நெருஞ்சியெல்லாம் நீங்கள் போகிற தை மாதத்தில்தான் காய்ந்து கெட்டிப்பட்டுக் கிடக்கும். குளத்துக்கரையில் மஞ்சள் பூவோடு தரையோடு தரையாகக் கிடக்கிற கொடியைப் பார்த்தால் அதன்மேல் ஏற்றாதீர்கள். ஒரே இடத்தில் ஏழெட்டு முள் ஏறி, முன் டயரும் பின் டயரும் சேர்ந்து இறங்கியதை நானே அனுபவித்திருக்கிறேன். கையில் இருந்ததோ ஒரே ஒரு மாற்று ட்யூப்.

இதற்கு மருந்து சீலண்ட், டயருக்குள் ஊற்றி வைத்தால் ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கிற பால் மாதிரித் திரவம். ரிம்மும் டயரும் ட்யூப் இல்லாமல் ஓட்டுகிற ட்யூப்லெஸ்ஸுக்கென்று செய்தவையாக இருந்தால் அப்படியே போடுங்கள், 29 இஞ்ச் டயர் ஒன்றுக்கு 100 மில்லி அளவு ஊற்றினால் முள் குத்திய ஓட்டை தானாக அடைந்துகொள்ளும். நம் வெயிலில் அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும், போன வருஷம் ஊற்றியதை நம்பிப் புறப்படாதீர்கள், கிளம்புவதற்கு ஒரு வாரம் முந்திப் புதிதாக ஊற்றுங்கள். ஆனால் உங்கள் விலையில் வருகிற சைக்கிள்களில் பெரும்பாலும் ட்யூப் போட்ட ரிம்தான் இருக்கும். அதற்காக ரிம்மை மாற்ற வேண்டியதில்லை. வால்வின் நடுக்கம்பி கழற்ற வருகிற ட்யூப் வாங்கி, ட்யூபுக்கென்றே தனியாக விற்கிற சீலண்டை ஊற்றி, டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே ஒரு லைனர் பட்டை வைத்துவிடுங்கள். எடை கொஞ்சம் கூடும், ஏற்றத்தில் தெரியும், பரவாயில்லை.

வால்வு என்றதும் ஞாபகம் வருகிறது. பைக், கார் டயரில் இருக்கிற அதே தடித்த ஷ்ரேடர் வால்வு உள்ள ட்யூபாகவே கேட்டு வாங்குங்கள். அப்படி வாங்கினால் நாங்குநேரியிலோ திசையன்விளையிலோ டூவீலர் பஞ்சர் கடையில் நிறுத்திக் காற்று அடித்துக்கொள்ளலாம். ஒல்லியாக நீண்ட பிரெஸ்டா வால்வாக இருந்தால் கடைக்காரர் கையைப் பிசைவார், அதற்கு ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். அதைப் பம்போடு கட்டியே வையுங்கள்.

சரி, இனி சைக்கிள். கிராவல் சைக்கிள் நல்ல வண்டிதான், வளைந்த ஹேண்டில்பாரில் கையை மாற்றி மாற்றி வைத்து நெடுந்தூரம் போகலாம். ஆனால் உங்கள் பணத்துக்குப் புதிதாக ஒழுங்கானது கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் பலவற்றில் 40 மில்லிமீட்டர் டயருக்கு மேல் நுழையாது. கால்வாய்க் கரைக்கு அது தாராளமாகப் போதும், தேரி ஓரத்து மணலுக்குப் போதாது. சஸ்பென்ஷன் முன்னால் மட்டும் உள்ள, 29 இஞ்ச் சக்கர எம்டிபி வாங்குங்கள் என்பதே என் பதில். பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ளதை இந்த விலையில் தொடவே தொடாதீர்கள், இரும்புப் பாரம்தான் மிச்சம்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்றால், முதலில் டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கயத்தாறு பக்கம் கரிசலில் மழைக்கு மறுநாள் மாட்டிக்கொண்டேன், மண் டயரில் பிசைந்த மாவு மாதிரி ஒட்டி ஏறி, சக்கரமே சுற்றவில்லை. நான் பெடலை அழுத்த, பின் கியரைத் தாங்குகிற ஹேங்கர் முறிந்துவிட்டது. தள்ளிக்கொண்டே ஒன்பது கிலோமீட்டர் நடந்தேன். நீங்கள் போகிற வழியில் கரிசல் அதிகம் இல்லை, ஆனாலும் கால்வாய்க் கரைச் சகதி இருக்கிறது. ஒட்டினால் அழுத்தாதீர்கள், இறங்கிக் குச்சியால் சுரண்டுங்கள். அந்த ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு, ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்குச் சேராது, அதனால் சைக்கிள் வாங்குகிற அன்றே அதே கடையில் ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

டிஸ்க் பிரேக்கில் கேபிள் வகையே எடுங்கள், கம்பி அறுந்தால் சாதாரண சைக்கிள் கடையில்கூட ஒப்பேற்றிவிடலாம். கியரைப் பற்றி ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம், முன்னால் மூன்று, பின்னால் எட்டு போதும், மிகச் சின்ன முன் பல்சக்கரம் 22, 24 பல்லாக இருந்தால் மணலில் உதவும். கேரியர் மாட்டத் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். டயர் 2.1 அல்லது 2.2 இஞ்ச், நடுவில் ரப்பர்க் கட்டைகள் நெருக்கமாகவும் ஓரத்தில் இடைவெளி விட்டும் இருந்தால் தாரிலும் இழுக்காது.

பிரேம் சைஸ் உங்கள் உயரத்துக்குச் சேர வேண்டும், இதில் மட்டும் தள்ளுபடிக்கு மயங்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும், அதுதான் சீட்டின் உயரம். நேர் ஹேண்டில்பாரில் ஒரே இடத்தில் பிடித்தால் நாலு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துவிடும், இரண்டு முனையிலும் பார் எண்ட் கொம்பு மாட்டிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் சைக்கிளுக்கு 35 ஆயிரத்தோடு நிறுத்தி, மிச்சம் பத்தாயிரத்தை டயர், ட்யூப், சீலண்ட், கருவி, பேட் வைத்த ஷார்ட்ஸ் என்று பிரியுங்கள். 45 ஆயிரத்தையும் சைக்கிளிலேயே போட்டுவிட்டுக் கருவி இல்லாமல் போகிறவரைவிட நீங்கள் நிம்மதியாகப் போவீர்கள்.

காற்று எவ்வளவு அடிக்க? டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற உச்ச அளவு உங்களுக்கு வேண்டாம். ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து நூறு கிலோ வருகிறது, 2.2 இஞ்ச் டயரில் ட்யூப் போட்டுத் தாரில் போக 35 பிஎஸ்ஐ, கரைமேல் ஏறியதும் 28 என்று வையுங்கள். அதற்குக் கீழே இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பக்கம் பக்கமாய் இரண்டு ஓட்டை விழும். ட்யூப்லெஸ்ஸாக இருந்தால் மணலில் இருபதுக்குக் கீழேகூட இறக்கலாம்.

பஞ்சர் ஆனால் ஒரு பழக்கம்: ட்யூபை மாற்றுமுன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவாதீர்கள், ஒரு பருத்தித் துணியை வைத்துச் சுற்றிலும் இழுங்கள். முள்ளின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே நூல் சிக்கும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அரைக் கிலோமீட்டரில் மறுபடி இறங்கிவிடும். மாற்று ட்யூப் இரண்டு, பேட்ச், டயர் லீவர், பம்ப், செயின் அறுக்கும் கருவி, செயின் இணைப்பு இரண்டு, டிஸ்க் பிரேக் பேட் ஒரு ஜோடி, கட்டுகிற டேக் பத்து, இவை போதும். இவற்றைக் கொண்டுபோவதைவிட வீட்டு முற்றத்தில் இரண்டு முறை நீங்களே கழற்றி மாட்டிப் பார்ப்பது முக்கியம். சாமான் எல்லாம் சைக்கிளில் இருக்கட்டும், முதுகில் எதுவும் வேண்டாம்.

இப்போது வழி. மூன்று நாள் பற்றாது தம்பி, தார் ரோட்டுக் கணக்கை வைத்துக் கரைமேல் ஓட்ட முடியாது, மணிக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிசு. நாலாவது நாள் லீவு கேளுங்கள். முதல் நாள் கன்னடியன் கரையில் சேரன்மகாதேவி வழியாகப் பாளையங்கோட்டை. இரண்டாம் நாள் மருதூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாகத் திருச்செந்தூர். மூன்றாம் நாள் தேரி, மணப்பாடு, உவரி, இரவுக்குத் திசையன்விளை. நாலாம் நாள் நாங்குநேரி, களக்காடு, வீடு. தைப்பூசத்தை ஒட்டி மட்டும் போகாதீர்கள். பாதயாத்திரைக் கூட்டத்தில் திருச்செந்தூர் ரோடு நிறைந்திருக்கும், ரூமும் கிடைக்காது.

தை மாதம் தேர்ந்தெடுத்தது மிக நல்லது. ஆனி, ஆடியில் கணவாய் வழியே வருகிற மேல்காற்று நாங்குநேரி வெளியில் எதிரே அடித்தால், சமதரையிலும் மலை ஏறுகிற கியரில்தான் போவீர்கள். நம் பக்கம் காற்றாடிகள் நிற்கிற இடத்தைப் பார்த்தாலே தெரியுமே.

தேரியைப் பற்றி. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் வரை தார் ரோடு இருக்கிறது. அதைவிட்டு இறங்கினால் செம்மணல், காய்ந்த மணலில் எந்தச் சைக்கிளும் புதையும், நடந்து தள்ளத்தான் வேண்டும். மழை பெய்து ஓரிரு நாளுக்குள் போனால் மணல் இறுகியிருக்கும், நன்றாக ஓடும். மணலில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலை இறுக்காமல் உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரே சீராக மிதியுங்கள். குதிரைமொழித் தேரி காப்புக்காடு, தடத்தைவிட்டு உள்ளே போக வேண்டாம். களக்காட்டிலிருந்து திரும்பும்போதும் அப்படித்தான், மலைப்பக்கம் முழுக்கப் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. அடிவாரத்துக் கரடியைப் பற்றி விக்கிரமசிங்கபுரத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருட்டுமுன் வீடு சேர்கிற மாதிரி அன்றைக்குக் காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

கால்வாய்க் கரை நமக்குச் சைக்கிள் பாதை, ஊர்க்காரர்களுக்கு அதுதான் வாசல். படித்துறையில் பெண்கள் குளிக்கிற, துவைக்கிற நேரம் பெல் அடித்து, இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்து போங்கள், போனை எடுக்கவே எடுக்காதீர்கள். தலையில் கட்டு சுமந்து வருகிறவருக்கும் ஆட்டு மந்தைக்கும் வழி விடுங்கள்.

உடம்புக்கு எட்டு வாரம் வேண்டும். தினம் 12 கிலோமீட்டர் நல்ல அடித்தளம்தான், ஆனாலும் ஞாயிறுதோறும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். வீட்டிலிருந்து சேரன்மகாதேவி வரை கரைமேல் போய்வந்தால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஆகிறது, அதில் தொடங்கலாம். ஆறாவது வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுச் சாமானோடு அறுபது அறுபது ஓட்டுங்கள். முதல் நாள் யாராலும் ஓட்டிவிட முடியும். மறுநாள் காலை அதே சீட்டில் மறுபடி உட்காரும்போதுதான் சீட்டு சரியா, கை வலிக்கிறதா, பை ஆடுகிறதா என்பதெல்லாம் தெரியும். கடைசி வாரம் ஓய்வு.

தையில்கூடப் பதினொரு மணிக்கு மேல் வெயில் உறைக்கும், மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள், மூன்று லிட்டர் கொள்ளும்படி பாட்டில் மாட்டுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் கால் பிடித்துக்கொள்ளவும் கூடும், ஒரு லிட்டருக்கென்று எழுதியிருக்கிற ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டரில் கரைத்து ஒரு பாட்டிலில் எப்போதும் வையுங்கள், கடை தென்பட்டால் உப்புப் போட்ட மோர். தின்பதற்கு உடன்குடிக் கருப்பட்டியும் வறுத்த நிலக்கடலையும் போதும், முக்கால் மணிக்கு ஒருதரம், பசிக்குமுன்பே. தேரிக்குடியிருப்பைத் தாண்டி மணலுக்குள் இறங்குமுன் கோயில் பக்கம் எல்லாப் பாட்டிலையும் நிரப்பிவிடுங்கள். நடந்து தள்ளுகிற தூரத்தில் வேர்ப்பதுதான் அதிகம்.