கொல்லைப்புறத்து மண் அடுப்பு: வாசகர் கேள்வி – பதில்

திருமங்கலம் பக்கம் கரிசல், மேலூர் பக்கம் செம்மண், வைகைக் கரையில் வண்டல். மண் மாறினால் அடுப்புப் போடும் பக்குவமும் மாறும். அதனால் கேள்வி எழுதுகிறவர்கள் ஊரையும் மண்ணையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் நிலத்துக் கரிசல் மண்ணைப் பிசைந்து கொல்லையில் அடுப்புப் போட்டேன். காய்வதற்குள் நாலு இடத்தில் வெடித்துவிட்டது. சிமென்ட் கலந்து மறுபடி போடலாமா? (வாசகி, கள்ளிக்குடி)

சிமென்ட் வேண்டாம். இறுகிய சிமென்ட்டின் பிடிப்பே அதற்குள் கட்டுண்டிருக்கும் நீரில்தான் இருக்கிறது. அடுப்புச் சூட்டில் அந்த நீர் வெளியேறிவிட்டால் பொடிப்பொடியாக உதிரும்.

வெடித்ததற்குக் காரணம் கரிசலின் குணம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் உங்கள் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதும் இதனால்தான். கரிசலைத் தனியாக அடுப்புக்கு எடுக்கவே கூடாது. செம்மண்ணோ, ஆள் கும்பிடாத புற்றின் மண்ணோ கிடைத்தால் அதுதான் முதல் தரம். புற்று மண்ணைக் கறையான் ஏற்கெனவே சலித்துப் பிசைந்து வைத்திருக்கும். கல் இருக்காது, ஒட்டும் தன்மையும் அதிகம்.

அளவு சொல்கிறோம். உள்விட்டம் 8 அங்குலம், சுவர் 3 அங்குலம், உயரம் 8 அங்குலம் உள்ள ஓர் ஒற்றை அடுப்புக்குச் சலித்த செம்மண் இரண்டு சாந்துச்சட்டி, மணல் ஒரு சட்டி, உமி அரைச்சட்டி, ஓர் அங்குலமாக நறுக்கிய வைக்கோல் இரண்டு கைப்பிடி போதும். கொஞ்சம் மிஞ்சும். அதை உலர்த்தி எடுத்து வையுங்கள், பின்னால் விரிசல் பூச அதே மண்தான் வேண்டும். மணல் சுருக்கத்தைக் குறைக்கும், வைக்கோல் சுவரை இழுத்துப் பிடிக்கும். உமி உள்ளுக்குள் கருகி நுண்ணிய துளைகளை விட்டுப் போகும். அந்தத் துளைகள் வழியாகத்தான் நீராவி சுவரை உடைக்காமல் வெளியேறுகிறது.

தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மிதியுங்கள். சேறாகக் குழைத்தால் ஊற்றிய தண்ணீர் அத்தனையும் பிறகு வெளியேற வேண்டும், அத்தனை சுருக்கமும் சுவரில் விழும். மிதித்த மண்ணை ஈரச் சாக்கால் மூடி ஒரு ராத்திரி புளிக்கவிட்டு, மறுநாள் இன்னொரு தடவை மிதிக்க வேண்டும்.

அடுப்புப் போடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. அதே மண்ணில் 10 அங்குல நீளத்துக்கு, பெருவிரல் பருமனில் ஒரு பட்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். காய்ந்தபின் அளந்து பார்த்து, அரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால் இன்னும் மணல் சேர்க்க வேண்டும். பட்டையை விரலால் தேய்த்ததும் உதிர்ந்தால் மணல் கூடிவிட்டது என்று அர்த்தம்.

அடியில் ஒரு வரிசை செங்கல் பரப்பி, அதன்மேல் ஓர் அங்குலம் மண் இடுங்கள். பிறகு லாட வடிவில், முன்பக்கம் 6 அங்குல வாய் விட்டு, சுவரை மூன்று அங்குலப் படைகளாக எழுப்ப வேண்டும். ஒரு படை கொஞ்சம் இறுகியபின் அதன் மேற்பரப்பைக் கீறி, ஈரம் தடவி, அடுத்த படை வைக்க வேண்டும். ஒரே மூச்சில் எழுப்பினால் கீழ்ச்சுவர் பிதுங்கும். கடைசியில் மேலே பானையைத் தாங்க மூன்று குமிழ். ஒவ்வொன்றும் சுவரிலிருந்து ஒரு விரல்கடைக்குக் குறையாத உயரம் நிற்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் ஈரச் சாக்கு போர்த்தியும், அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் நிழலிலும் காயட்டும். சித்திரை வெயிலில் நேராக வைத்தால் வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் தங்கி, மறுபடி வெடிக்கும். நடுவில் மயிர்க்கோடாக விரிசல் தெரிந்தால் அன்றே ஈரத்துணியால் தேய்த்து அடைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் சாணமும் செம்மண் கரைசலும் சேர்த்து மெழுகலாம்.

முதல் நெருப்பு சமையலுக்கு அல்ல. ஒரு பிடி ஓலை, சுள்ளி வைத்து அரைமணி நேரம் சூடு காட்டி, ஆறவிட வேண்டும். அடுத்த நாள் சற்றுக் கூடுதல், மூன்றாம் நாள் விறகு. அந்த மூன்று நாளும் சுவரின் வெளிப்புறம் வியர்ப்பது நின்றுவிட்டதா என்று தொட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் இன்னும் ஒரு நாள் சுள்ளி நெருப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குப் புகை. என்ன செய்வது? (வாசகர், உசிலம்பட்டி)

முதலில் பானையின் அடியைப் பாருங்கள். பாத்திரம் சுவர் விளிம்பில் படிந்து உட்கார்ந்திருந்தால் சூடான காற்று மேலே போக வழியில்லை. அது வாய் வழியாக உங்கள் முகத்துக்குத் திரும்பும். நாளாக ஆகக் குமிழ் தேய்ந்துவிடும். புதுக் குமிழ் வைத்தாலே பாதிப் புகை போய்விடும்.

அடுத்தது வாய். மூன்று விறகுக்கு மேல் திணிக்காதீர்கள். விறகுக்குக் கீழே காற்று நுழைய இடம் வேண்டும். நேற்றைய சாம்பலை அள்ளாமல் அதன்மேலேயே விறகு வைப்பவர்கள் அந்த இடத்தை அடைத்துவிடுகிறார்கள். ஓர் அங்குலச் சாம்பல் இருக்கட்டும், அது கங்கைக் காக்கும். மீதியை அள்ளிவிடுங்கள்.

மூன்றாவது விறகின் ஈரம். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராகவே இருக்கலாம். அது ஆவியாகி முடியும்வரை நெருப்புக்குச் சூடு ஏறாது, சூடு ஏறாத நெருப்புதான் புகைக்கும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டு, வெட்டு முகத்தில் வெடிப்பும் தெரிந்தால் எரிக்கலாம். மந்தமாகக் கேட்டால் இன்னும் காய வேண்டும்.

இடமும் முக்கியம். ஆனி, ஆடியில் இங்கே காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். வாய் அந்தத் திசையை நேராகப் பார்த்திருந்தால் தழல் பின்பக்கம் சாய்ந்து பானையை விட்டு விலகும், விறகும் வீணாக எரியும். மேற்கில் இடுப்பளவு மண்சுவர் ஒன்று எழுப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேள்வி: பக்கத்தில், பெரிய அடுப்பின் அனலிலேயே காயும் கொடியடுப்பும் சேர்த்துப் போட்டேன். அதில் வெந்நீர்கூடக் காய மாட்டேன் என்கிறது. (வாசகி, வாடிப்பட்டி)

பெரிய அடுப்பின் குமிழ் உயரமாக இருக்கிறதா? அப்படியானால் சூடு அங்கேயே மேலே தப்பிவிடும், கொடிக்கு எதுவும் வராது. கொடி சேர்த்த அடுப்பில் பெரிய அடுப்பின் குமிழ் அரை விரல்கடைக்கு மேல் இருக்கக் கூடாது. கொடியின் குமிழ் ஒரு விரல்கடை இருக்கலாம். ஒற்றை அடுப்பின் அளவை அப்படியே இதற்கும் வைப்பதால்தான் பலருக்குக் கொடி வேலை செய்வதில்லை.

துளையையும் பாருங்கள். 3 அங்குல அகலத்தில், பெரிய அடுப்பின் மேல் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, கொடியின் அடிப்பக்கத்துக்குச் சற்று ஏற்றமாகப் போக வேண்டும். கீழ்நோக்கிச் சரிந்தால் அனல் போகாது. காகிதம் சுற்றிய ஒரு உருட்டுக்கட்டையை உள்ளே வைத்து மண் அப்பி, மறுநாள் திருகி உருவினால் துளை சுத்தமாக வரும். கொடியின் குழி 4 அங்குல ஆழம் போதும். ஆழம் கூடினால் சூடு பாத்திரத்தை எட்டாது. வாரம் ஒரு தடவை ஒரு குச்சியில் துணி சுற்றித் துளையில் படிந்த கரியைத் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: தோட்டப் பொருள்கள் விற்கும் கடையில் சிமினேயா என்ற மண் அடுப்பைப் பார்த்தேன். பானை வயிறு, நீண்ட கழுத்து. மொட்டை மாடியில் வைத்துச் சமைக்கலாமா? மானாமதுரைக் குயவர்களிடம் சொல்லிச் செய்ய முடியுமா? (வாசகர், மதுரை)

சிமினேயா மெக்சிகோவில் பிறந்தது. ஸ்பானிய மொழியில் புகைபோக்கிக்கு வழங்கும் பெயரே அதற்கும் வந்தது. அங்கே குளிர் காயவும், ரொட்டி சுடவும் பயன்பட்டது. ஹாலிஸ்கோ மாநிலத்தின் டொனலா, ட்லாகெபாகே இரண்டும் மட்பாண்டத்துக்குப் பேர் போன ஊர்கள். பிறகுதான் அது அமெரிக்கத் தோட்டங்களுக்கு அலங்காரமாகப் போனது.

நம் அடுப்புக்கும் அதற்கும் வேலையே வேறு. நம்முடையது பானையின் அடியில் சூட்டைக் குவிக்கிறது. சிமினேயாவில் மேலே பானை வைக்க இடமில்லை. கழுத்து உயரமாக இருப்பதால் சூடான காற்று வேகமாக ஏறி, வாய் வழியாகப் புதுக்காற்றை இழுக்கும். புகை தலைக்கு மேலே போகும், வெக்கை முன்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைக்கும். மதுரையில் மார்கழி, தை இரவுகளைத் தவிர அந்த வெக்கைக்கு என்ன தேவை? கொடைக்கானலிலோ சிறுமலையிலோ வீடு இருந்தால் வாங்கலாம். சமையல் என்றால் வாய்க்குள் கம்பி வலை வைத்து மக்காச்சோளமோ கறியோ சுடலாம், அவ்வளவுதான்.

வாங்கினால் கவனிக்க வேண்டியவை உண்டு. அது குறைந்த சூட்டில் சுட்ட மண். வயிற்றில் 3, 4 அங்குலம் மணலோ சரளையோ நிரப்பி அதன்மேல்தான் நெருப்பு மூட்ட வேண்டும், இல்லையென்றால் அடிப்பாகம் விரியும். விறகு சுவரில் சாயக் கூடாது. கழுத்து வழியாகத் தழல் வெளியே எட்டிப் பார்த்தால் நெருப்பு அதிகம். தண்ணீர் ஊற்றி அணைத்தால் அந்த நிமிடமே பிளக்கும், மணலைப் போட்டு அணையுங்கள். மழையில் நனைந்தபின் நன்றாகக் காயாமல் பற்றவைத்தாலும் அதே கதிதான். மொட்டை மாடியில் தளத்தின்மேல் மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, அதன்மேல் இரும்பு முக்காலியில் வைக்க வேண்டும்.

மானாமதுரையில் கேட்டுப் பாருங்கள். கடம் தட்டுகிற கைகளுக்கு உருவம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் குடிதண்ணீர்ப் பானைக்கு மிதிக்கும் மண்ணில் செய்யச் சொல்லாதீர்கள். மணலும், உடைந்த ஓட்டை இடித்துச் சலித்த தூளும் கலக்கச் சொல்லுங்கள். சூடு ஏறி இறங்கும்போது விரிசல் ஓடாமல் அந்தத் தூள்தான் தடுக்கும். சுவர் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், கழுத்தின் உள்விட்டம் வாயின் அகலத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். கழுத்து சிறுத்தால் புகை வாய் வழியாகத்தான் வரும்.

இன்னொரு செய்தி. மெக்சிகோவில் இதில் எரிக்கும் மெஸ்கீட் என்ற மரமும் நம் ஊர்ச் சீமைக்கருவேலும் நெருங்கிய உறவு. சீமைக்கருவேல் அந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். கண்மாயை அடைத்துக்கொண்டு நிற்கிற மரம் என்றாலும், காய்ந்த பிறகு அதன் கங்கு நின்று எரியும். அடுப்புக்கு நல்ல விறகு.

கேள்வி: எரிக்கக் கூடாத விறகு எது? (வாசகி, சோழவந்தான்)

அரளி. அதன் புகையும் நஞ்சு. குச்சியைக்கூட அடுப்புப் பக்கம் கொண்டுவராதீர்கள். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் ஒட்டிய எதுவும் ஆகாது.

மார்கழிக் குளிருக்கு என்று கங்கைச் சட்டியில் அள்ளி, கதவைச் சாத்திய அறையில் வைப்பதும் கூடாது. புகை தெரியாவிட்டாலும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கேள்வி: கோயில் கிடா விருந்துக்குத் தரையில் வெட்டும் அடுப்பை எப்படி அமைப்பது? (வாசகர், அலங்காநல்லூர்)

இரண்டடி அகலப் பாத்திரம் என்றால் ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பள்ளம் வெட்டுங்கள். இரு கரையிலும் பாத்திரம் நன்றாகப் பதிய வேண்டும். கரை சரியும் மண்ணாக இருந்தால் செங்கல் அடுக்கிவிடுங்கள். பள்ளம் காற்று வீசும் திசையிலேயே நீளட்டும், விறகைக் காற்று வரும் முனையில் செலுத்துங்கள். மறுமுனையைத் திறந்தே விட வேண்டும், அடைத்தால் நெருப்பு செத்துவிடும். மழை பெய்த தரை என்றால் முதல் நாள் சாயங்காலமே ஓலை போட்டு எரித்து ஈரத்தை வாங்கிவிடுங்கள். அடுப்பில் ஏற்றுமுன் பாத்திரத்தின் வெளிப்பக்கம் மண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசினால் கரி பாத்திரத்தில் பிடிக்காது. மறுநாள் கழுவும்போது மண்ணோடு உரிந்து வரும்.

கேள்வி: மழைக்காலத்தில் அடுப்பைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தோம். சுவரில் காளான் முளைத்திருக்கிறது. இடித்துவிடவா? (வாசகி, மேலூர்)

இடிக்க வேண்டாம். புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்துபோன தம் வீட்டுக் 'கோடுயர் அடுப்பில்' காளான் பூத்திருப்பதைக் குமணனிடம் சொல்கிறார். பக்கம் உயர்ந்த மண் அடுப்பும், எரியாமல் கிடந்தால் அதில் ஈரம் ஏறுவதும் அவ்வளவு பழைய விஷயம்.

காளானைச் சுரண்டி எடுத்து, சுவரைத் தட்டிப் பாருங்கள். திடமாக இருந்தால் நாலைந்து நாள் காற்றாட விட்டு, புது அடுப்புக்குப் போலவே சுள்ளி நெருப்பில் தொடங்குங்கள். தட்டும்போது பொத்தென்று ஒலித்து மண் உதிர்கிற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, விளிம்பை நனைத்து, எடுத்து வைத்த பழைய மண்ணால் அடையுங்கள். காய்ந்த சுவரில் நனைக்காமல் பூசினால் அது அப்படியே பெயர்ந்து விழும். அடுத்த ஐப்பசிக்கு முன் நாலு கால் நட்டு ஓலையோ தகரமோ வேய்ந்துவிடுங்கள். அடுப்பின் விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்தடி உயரம் இருக்கட்டும், ஓலை என்றால் இன்னும் கூடுதலாக.

கேள்வி: புகையில்லா அடுப்பு என்று அரசாங்கம் கட்டிக் கொடுத்ததே, அது ஏன் நிலைக்கவில்லை? (ஆசிரியர், பேரையூர்)

1953இலேயே ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த அடுப்பின் வடிவத்தை வெளியிட்டார். 1980களில் மத்திய அரசு மேம்படுத்திய அடுப்புகளைத் தேசியத் திட்டமாகவே கொண்டுவந்தது. வடிவம் நல்லதுதான். ஆனால் அது அளவில் உயிர் வாழ்கிற அடுப்பு. கட்டும்போது துளை அரை அங்குலம் மாறினாலும் இழுவை கெட்டுவிடும். வீட்டிலிருந்த பானை குழியில் பொருந்தாவிட்டால் பெண்கள் குழியை வெட்டி அகலமாக்கினார்கள். பானை வைத்துச் சமைக்கிறவர் அப்படித்தானே செய்வார்? குழாயில் கரி அடைத்தபோது துடைக்கவும் ஆள் வரவில்லை. கட்டிக் கொடுத்ததோடு நிறுத்தாமல், பழுது பார்க்க ஊரிலேயே ஒருவருக்குப் பழக்கியிருந்தால் அவற்றில் பல இன்றும் எரிந்துகொண்டிருக்கும்.

கேள்வி: பொங்கலுக்குச் சந்தையில் வாங்கும் ரெடிமேட் மண் அடுப்பில் நல்லதை எப்படித் தேர்ந்தெடுப்பது? (வாசகி, திருப்பரங்குன்றம்)

சுட்ட அடுப்பா, வெறும் காய்ந்த அடுப்பா என்று முதலில் கேளுங்கள். சுட்டது என்றால் விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று வரவேண்டும். அதிர்ந்த ஒலி வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. காய்ந்த அடுப்பு என்றால் தூக்கிப் பாருங்கள். அதே அளவுள்ள மற்றதைவிடக் கனமாக இருப்பது இன்னும் ஈரம் உள்ளது. மார்கழிக் கடைசியில் அவசரமாகச் செய்து வருகிறவற்றில் இந்தக் குறை அதிகம். அதனால் பத்து நாள் முன்னதாகவே வாங்கி, வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். கடைக்குப் போகும்போது பொங்கல் பானையையும் கையோடு எடுத்துப் போய் மூன்று குமிழிலும் வைத்துப் பாருங்கள். ஆடினால் வாங்காதீர்கள், பால் பொங்குகிற நேரத்தில் பானை சரியும்.