வுல்வர்ஹாம்ப்டன் ரசிகர்கள், நார்வேயில் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் நார்வேயின் பெர்கன் நகரில் நெடுங்காலமாக வாழ்கிறேன். எங்கள் அயல்வீட்டு முதியவர் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் அணியின் தீவிர ரசிகர். அவருடைய தந்தையும் அப்படித்தானாம். மகளும் பேரனும் அப்படியே. அந்த ஊரோடு அவர்களுக்கு உறவோ தொழிலோ கிடையாது. இப்போது என் மகனும் அந்தப் பேரனோடு சேர்ந்து அதே அணியின் சட்டையை அணிந்து திரிகிறான். யாழ்ப்பாணத்தில் ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தொலைக்காட்சி தந்த இந்தப் பற்று பொருளற்றதாகத் தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தக் குடும்பத்தின் பற்று எங்கே தொடங்கியிருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. 1969 நவம்பர் 29 அன்று நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. முதன்முறையாக ஓர் இங்கிலாந்து லீக் ஆட்டத்தை நேரடியாகக் காட்டியது. அதில் வுல்வர்ஹாம்ப்டன் 1-0 என்ற கணக்கில் சண்டர்லாந்தை வென்றது. பின்னர் குளிர்காலச் சனிக்கிழமைதோறும் ஓர் ஆட்டம் வருவது வழக்கமாயிற்று.

அதற்கு முன்பே மண் பண்பட்டிருந்தது. நார்வேயின் உள்நாட்டுக் கால்பந்து வெயில் மாதங்களில் நடப்பது. பனிக்காலத்தில் மைதானங்கள் ஓய்ந்திருக்கும். ஆகவே ஆட்ட முடிவுகளை ஊகித்துப் பணம் கட்டும், 1948இல் தொடங்கிய அரசுப் பந்தயத்தின் சீட்டுகளில் குளிர்காலத்தில் இங்கிலாந்து ஆட்டங்களே இடம்பெற்றன. வெற்றியா, தோல்வியா, சமநிலையா என்று தந்தை குறித்துவைத்த சீட்டைப் பார்த்தே பிள்ளைகள் பல இங்கிலாந்து ஊர்களின் பெயர்களை அறிந்துகொண்டார்கள். இதில் என்னை மிகவும் ஈர்ப்பது இன்னொன்று: இங்கிலாந்தில் லீக் ஆட்டங்களின் நேரடி ஒளிபரப்பு 1983இல்தான் முறையாகத் தொடங்கியது. அதுவரை, வுல்வர்ஹாம்ப்டன்காரர் மைதானத்துக்குப் போக முடியாத நாளில் காண முடியாத ஆட்டத்தை, பெர்கனில் ஒரு குடும்பம் வீட்டிலிருந்தபடி கண்டிருக்கக்கூடும். அணியின் பொன்னிறச் சட்டை மட்டும் கறுப்பு வெள்ளைத் திரையில் அவர்களுக்குச் சாம்பல் நிறமாகவே தெரிந்திருக்கும்.

தொலைக்காட்சி அணியைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதைத் தங்கவைத்தது தொலைக்காட்சி அன்று. 1984, 1985, 1986 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் தரமிறங்கிய வுல்வர்ஹாம்ப்டன் நான்காம் பிரிவில் போய் விழுந்தது. திரையில் கண்ட மினுக்கத்துக்காக மட்டுமே வந்தவர்கள் அப்போதே லிவர்பூலுக்கு மாறியிருக்கலாம். அந்நாட்டில் லிவர்பூல் ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. உங்கள் அயலவர் மாறவில்லை என்றால், தந்தையோடு உட்கார்ந்து பார்த்த அந்தச் சனிக்கிழமைகளை அவரால் வேறோர் அணிக்கு எடுத்துச் செல்ல முடியவில்லை என்பதே காரணம் என நம்புகிறேன். நார்வே வீரர் எர்லிங் ஹாலண்ட் 2022இல் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தபோது நார்வேக்காரர்கள் முதலில் பேசியவற்றுள் ஒன்று, அவருடைய தந்தையும் அதே அணிக்கு ஆடியவர் என்பது. ரசிகர்களின் வீடுகளிலும் மரபு அப்படித்தான் கைமாறுகிறது.

யாழ்ப்பாணத்தில் உங்கள் ஊர்க் கழகத்தையும் நீங்கள் ஆராய்ந்து தேர்ந்தெடுத்திருக்க மாட்டீர்கள். அண்ணனோ மாமாவோ கைப்பிடித்து மைதானத்துக்கு அழைத்துப் போயிருப்பார். அவர்கள் யாருக்காகக் கத்தினார்களோ அவர்களுக்காகவே நீங்களும் கத்தியிருப்பீர்கள். உங்கள் மகனுக்கு அந்த அழைப்பு அயல்வீட்டிலிருந்து வந்திருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையை ஒரு நார்வேக் குடும்பம் நான்கு தலைமுறைகளாகக் காத்துவரும் தன் சனிக்கிழமைக்குள் சேர்த்துக்கொண்டிருப்பதை நான் சிறிய காரியமாகக் கருதவில்லை. மகனைத் தடுக்காதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு நீங்களும் அந்த வீட்டுக்குப் போய், 1986இல் என்ன செய்தீர்கள் என்று முதியவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.