கார் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டில் கலக்க எந்தத் தண்ணீர்? கேன் தண்ணீர் போதாதா?

போதாது. காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) அல்லது தாது நீக்கிய தண்ணீர்தான் சரி. பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் 'பேட்டரி தண்ணீர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் இன்ஜினுக்குள்ளும் நடக்கும். கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் உப்புப் படிவாக ஒட்டிக்கொள்ளும். ரேடியேட்டரின் குழாய்களோ மிகக் குறுகலானவை. லேசான படிவு கூட வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்தும் இந்த உப்புகளோடு மல்லுக்கட்டியே சீக்கிரம் தீர்ந்துவிடும். கேன் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் இரண்டிலும் உப்பு குறைவுதான், ஆனால் அறவே இல்லாமல் இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவோரும் உண்டு. அது தூசியும் பூஞ்சையும் கலந்தது, வேண்டாம்.

அளவு பெரும்பாலும் பாதிக்குப் பாதி. கார் கையேட்டில் வேறு சொன்னால் அதுவே கணக்கு. டப்பாவில் 'ரெடி டு யூஸ்' (ஏற்கெனவே தண்ணீர் கலந்தது) என்று இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காதீர்கள்.

நெடுஞ்சாலையில் கூலண்ட் ஒழுகி நின்றுவிட்டால் கிடைத்த தண்ணீரை ஊற்றலாம், தப்பில்லை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறங்கள். ஊர் சேர்ந்ததும் ஒழுகலைச் சரிசெய்து, எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதுக் கலவை நிரப்புங்கள்.