கப்பலில் இடம் உறுதியா என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: என் மகன் ‘ஓ’ நிலைத் தேர்வு முடித்துவிட்டான். கடற்படைக்குத் துணையாகப் போகும் கப்பல்களில் அதிகாரியாக வேண்டும் என்கிறான், ஆனால் படைவீரனாக வேண்டாமாம். என் மாமனார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவர் சொன்ன கதைகளால் வந்த ஆசை இது. அப்படி ஒரு வேலை உண்டா? அனுப்பப் பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், ஈசூன்

பதில்: உண்டு, சகோதரி. சாங்கி கடற்படைத் தளத்தில் நிற்கும் ‘சுவிஃப்ட் ரெஸ்கியூ’, நீர்மூழ்கிக் கப்பல் ஏதாவது விபத்தில் சிக்கினால் மீட்கப் போகும் கப்பல். 2015 ஜனவரியில் ஜாவா கடலுக்கடியில் ஏர்ஏஷியா விமானத்தின் உடற்பகுதியைக் கண்டுபிடித்ததும் அதுதான். கப்பலை ஓட்டுபவர்கள் படையினர் அல்லர், சிவிலியன் மாலுமிகள். நடுக்கடலில் போர்க்கப்பலுக்குப் பக்கத்திலேயே ஒரே வேகத்தில் ஓடி, குழாய் வழியே எண்ணெய் கொடுக்கும் பிரிட்டனின் துணைக் கப்பல்களிலும் அப்படித்தான்.

அதற்கென்று தனிப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம். வணிகக் கப்பல் அதிகாரிக்கான சான்றிதழ்தான் வாசல். சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கப்பல் ஓட்டும் படிப்பும் இயந்திரப் படிப்பும் இருக்கின்றன. கட்டணம் கட்டுமுன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறிய முடியாதவருக்குப் பாலத்தில், அதாவது கப்பலை ஓட்டும் மேல் அறையில், வேலை இல்லை.

நீங்கள் புயலுக்குப் பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் வேறு. வகுப்பை முடித்துவிட்டு, ஏறக் கப்பல் கிடைக்காமல் கரையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மேல்தள கேடட்டுக்கு, அதாவது கப்பல் ஓட்டக் கற்கும் பயிற்சி மாணவனுக்கு, பயிற்சித் திட்டத்தோடு சேர்த்து, குறைந்தது 12 மாதம் கடலில் இருந்தால்தான் முதல் சான்றிதழ். அதில் 6 மாதமாவது பாலத்தில் காவல் நின்றிருக்க வேண்டும், அதாவது முறை வைத்துக் கப்பலின் போக்கைக் கவனித்திருக்க வேண்டும். அதனால் கையெழுத்துப் போடுமுன், “கப்பலில் இடம் உறுதியா? எழுத்தில் தருவீர்களா?” என்று கேளுங்கள். தேசிய சேவை எப்போது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி அப்படி வாங்கவே கூடாது.

கப்பலில் ஏறிய பிறகு அவனுக்கு உயிர் மாதிரி ஒரு புத்தகம் உண்டு: பயிற்சிப் பதிவேடு. கற்ற ஒவ்வொரு வேலைக்கும் அதில் அதிகாரியின் கையெழுத்து விழ வேண்டும். என் முதல் கப்பலில் ஐந்து மாதம் துரு சுரண்டவும் பெயின்ட் அடிக்கவும் மட்டுமே விட்டார்கள். பதிவேட்டில் பாதிப் பக்கம் வெள்ளை. அப்புறம் புதிதாக வந்த சீஃப் ஆபிசர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதிகாலை நான்கு மணிக் காவலுக்கு என்னைப் பாலத்துக்கு அழைத்துப்போனார். விடியலுக்கு முன் சில நிமிடம்தான் நட்சத்திரமும் அடிவானமும் சேர்ந்து தெரியும். அதற்குள் செக்ஸ்டன்ட் என்ற கோணமானியில், அடிவானத்திலிருந்து நட்சத்திரம் எவ்வளவு உயரம் என்று கோணம் எடுக்கச் சொன்னார். என் கை நடுங்கியது, நட்சத்திரம் தவறிப்போனது. மறுநாளும் எழுப்பினார். ஒன்பதாம் நாள்தான் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்: ஒரு மாதம் பக்கம் நகரவில்லை என்றால் வெட்கப்படாமல் வாய் திறந்து கேட்க வேண்டும். பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு நாள் போர்க்கப்பலுக்கு நாற்பது ஐம்பது மீட்டர் பக்கத்தில் தன் கப்பலை நேராகப் பிடிக்கப்போகிறவன் அவன்.

முதல் வருடம் தீபாவளிக்கு அவன் வீட்டில் இருக்க மாட்டான் என்பதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். கண் பரிசோதனை முடிந்ததும் எழுதுங்கள்.