மூன்று மணி விழிப்பும் அரை மாத்திரையும்

கேள்வி: வயது 42, பள்ளி ஆசிரியை. 2021 இரண்டாவது அலையில் வீட்டில் நாலு பேருக்கும் கொரோனா. மாமியாருக்கு ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஆக்சிமீட்டர் பார்த்தது நான்தான். இன்று எல்லோரும் நலம். ஆனால் எனக்கு மட்டும் இப்போதும் அதே நேரத்துக்கு விழிப்பு, நெஞ்சு படபடப்பு, கை விரல் மரத்துப்போகிறது. இசிஜி, எக்கோ நார்மல். எட்டு மாதமாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அல்பிரஸோலம் அரை மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறேன். ‘எல்லாம் மனப்பிரமை’ என்கிறார் கணவர்.

பதில்: மனப்பிரமை இல்லை. வாரக்கணக்கில் காவலுக்கு எழுப்பிய உடம்பு அந்த வேலையை இன்னும் விடவில்லை. கொரோனாவின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடின, பெண்களுக்கே பாதிப்பு அதிகம் என்று 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

முதலில் ரத்தப் பரிசோதனை: டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கானது), ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. தைராய்டு கூடினாலும், ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே வெகுவாக இறங்கினாலும் இதே படபடப்பு வரும். மாதவிடாய் முன்பின்னாகிறதா, ராத்திரியில் வியர்க்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் வயதில் ஹார்மோன் மாற்றமும் தூக்கத்தைக் கலைக்கும்.

அரை மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள். அது டாக்டர் சீட்டு இல்லாமல் தரவே கூடாத மருந்து. மாதக்கணக்கில் போட்டால் உடம்பு பழகிவிடும். பயந்துபோய் இன்றே நிறுத்திவிடவும் வேண்டாம். திடீரென விட்டால் தூக்கமின்மை இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்.

தூக்கத்தைச் சரிசெய்யும் முறை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும்: படுக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், உண்மையில் எவ்வளவு தூங்கினீர்கள் என்று குறித்து வையுங்கள். சராசரி ஐந்தரை மணி நேரம் என்றால் 11.30-க்குப் படுத்து 5 மணிக்கு எழுவது, ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்காதீர்கள். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கத் தொடங்கியதும் வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டுங்கள். நடுராத்திரி விழித்துச் சுமார் 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது திரும்பிப் போகலாம். பலர் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், பகலில் அப்போதுதான் அதிகம் தூங்கி வழியும் என்பதால். அந்த நாட்களில் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். வலிப்பு நோயோ இருமுனைக் கோளாறோ (மனம் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போவது) உள்ளவர்களுக்கு இந்த முறை ஆகாது. மாத்திரையையும் குறைக்கப்போவதால், நீங்கள் டாக்டரைக் கேட்டபின் தொடங்குங்கள். காபி பிற்பகல் இரண்டு மணியோடு சரி.

படபடக்கும்போது ‘நல்லா மூச்சை இழுத்து விடு’ என்பார்கள். அதனால்தான் விரல் மரத்துப்போகிறது: வேகமாக, ஆழமாக இழுக்க இழுக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூக்கால் மெதுவாக நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இனி உங்கள் கணவருக்கு. லாக்டவுனில் பெண்கள் தலையில் ஏறிய வேலை பல வீடுகளில் இன்னும் இறங்கவில்லை. கூடமாட ஒத்தாசை செய்வது போதாது. ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மருந்து என்றால், தீர்வதற்குள் வாங்குவதும் வேளைக்குக் கொடுப்பதும் செக்கப்புக்கு நாள் குறிப்பதும் உங்கள் பொறுப்பு. மனைவி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தால் சுமை இன்னும் அவரிடமே இருக்கிறது.

டாக்டர் பதற்றத்துக்கு எஸ்சிட்டலோப்ராம் போன்ற மருந்து எழுதினால், முதல் வாரம் குமட்டலும் கொஞ்சம் கூடுதல் பதற்றமும் இருக்கலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஐந்தாம் நாளே ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்துவதுதான் வழக்கமான தவறு.

இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, அழுகை அடங்கவில்லை என்றால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சாகலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அன்றைக்கே 14416-ஐ (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் 181 (பெண்கள் உதவி எண்). மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போகும்போது தூக்கக் குறிப்பையும் அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். அட்டையில் உள்ள மில்லிகிராமை வைத்துத்தான் எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம் என்று டாக்டர் கணக்கிடுவார்.