பொங்கலும் முதல் பீரியடும்

கேள்வி: விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்திருக்கிறேன் அக்கா. வாலிபால் ஆடுகிறேன். காலை ஐந்தரைக்கு பிராக்டிஸ், முதல் பீரியடிலேயே தூக்கம் வந்துவிடுகிறது. பத்து நாள் போட்டிக்குப் போய் வந்தால் கணக்கில் ஒரு யூனிட்டையே முடித்துவிட்டார்கள். தமிழ் மீடியத்தில் படித்ததால் எதுவும் பிடிபடவில்லை. முதல் செமஸ்டரில் கணக்கு உட்பட இரண்டு அரியர். அப்பா பந்தையே தொடாதே என்கிறார்.
- முதலாண்டு மாணவன், அரியலூர் மாவட்டம்

பதில்: நானும் 800 மீட்டர் ஓடித்தான் காலேஜுக்குள் நுழைந்தவள், தம்பி. முதல் செமஸ்டர் கணக்கில் எனக்கு 11 மார்க். இன்று அதே கணக்கைத்தான் பாடம் நடத்துகிறேன். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கட்டணச் சலுகை ஏதாவது இருந்தால், பந்தை விட்ட பிறகும் அது நிற்குமா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள்.

ஹாஸ்டலில் பத்து மணிக்கு மேல்தான் ஊரே விழிக்கும். நான் வார்டனிடம் கெஞ்சி, என்னோடு ஓடிய சீனியர் அக்காவின் அறைக்கு மாறினேன். அவளும் ஒன்பதரைக்கே விளக்கை அணைப்பவள். அப்புறம் மெஸ். பிராக்டிஸ் முடிந்த பசியில் மூன்று கரண்டி வெண்பொங்கல் போட்டுக்கொண்டு முதல் பீரியடில் விழித்திருப்பவர் மகான். இட்லியும் முட்டையும் போதும்.

ஓ.டி., அதாவது போட்டிக்குப் போக காலேஜ் தரும் ‘ஆன் டியூட்டி’ அனுமதி விஷயத்தில் நான் பட்ட பாடு நீங்கள் படவேண்டாம். வந்து கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று போட்டிக்குப் போய்விட்டேன். திரும்பினால் வருகைக் குறைவு. மூன்று வாரம் துறைக்கும் அலுவலகத்துக்கும் அலைந்தேன். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். முன் அனுமதியோடு போட்டிக்குப் போனவர்களுக்கு 65 வரை சலுகை உண்டு. 90 வேலை நாள் என்று வைத்தால், 22 நாள் விடுப்புக்கும் 31 நாளுக்கும் உள்ள வித்தியாசம் அது. துறைத்தலைவர் கையெழுத்து வாங்கி, ஒரு ஜெராக்ஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் கணக்கு ஆசிரியரையும் பார்த்து, எந்தப் பகுதி நடத்தப்போகிறார் என்று கேளுங்கள். பி.டி. சார் சொல்லிக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள்.

சரி, தமிழ் மீடியம். மேட்ரிக்ஸ் என்றதும் பயந்திருப்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த அணிகள்தானே அது! டிஃபரன்ஷியேஷன் என்பது வகையிடல், இன்டக்ரேஷன் என்பது தொகையிடல். தெரிந்த சரக்குதான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பழைய தமிழ்ப் புத்தகத்தை ஊரிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அரியரில் கணக்கை முதலில் முடியுங்கள். அடுத்த செமஸ்டர் கணக்கு அதன் தோள்மேல் ஏறித்தான் உட்காரும்.